மச்சானுக்கு: நான் தின்றது நல்ல காளான்தான்

சேசு மரி சூசை

பொம்மிடி அருகில்,
16-10-1968, புதன்.

ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் கஸ்பார் அவர்களுக்கு, தங்கள் தங்கை லூர்தம்மாளின் புருஷன் சின்னப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நான், லூர்து, இரண்டு எருமைகள் எல்லோரும் சுகம். அங்கும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நான் விஷக்காளான் தின்றுவிட்டேனாம், உங்களுக்குத் தந்தி கொடுக்கணும் என்று லூர்து அழுகிறாள். லீவு போட்டுவிடாதீர்கள். நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை இடியும் மழையும். ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தால், வேலியோர மரத்தடியில் ஏழு வெள்ளைக் காளான்கள், கழுவித் துடைத்து நிறுத்தினதுபோல நிற்கின்றன. சுற்றிலும் ஓர் எறும்பு இல்லை, ஒரு பூச்சி இல்லை. எங்கள் காட்டில் களையெடுக்கும் முனியம்மாள் பால் வாங்க வந்தவள், ஒன்றைத் தோண்டி எடுத்துக் காட்டினாள். "இது நாம திங்கற புத்துக்காளான் இல்லீங்க. அதுக்கு வேரு ஆழமாப் போவும். இதோட அடியப் பாருங்க, முட்ட ஓடாட்டம் கிண்ணம். கழுத்துல பாவாட. வேண்டாங்க, கைய கழுவிப்புடுங்க" என்றாள். நான் எட்டாவது படித்தவன், விடுவேனா? கொதிக்கிற குழம்பில் ஜெபமாலையின் வெள்ளிச் சிலுவையை முக்கினேன், கறுக்கவில்லை. கோழிக்கு ஒரு துண்டு போட்டேன், தின்றுவிட்டு இன்னும் கொண்டா என்று நின்றது. லூர்து மட்டும், "எனக்கு ரசம் போதுங்க" என்று தள்ளி உட்கார்ந்து, நான் தின்பதையே பார்த்தாள். ருசியென்றால் அப்படியொரு ருசி மச்சான்!

அன்று முழுக்க ஒன்றுமில்லை. திங்கள் விடிந்ததும் வயிறு பிடுங்கியது. வாந்தி, பேதி, செவ்வாய் சாயங்காலம்வரை கொல்லையிலேயே குடியிருந்தேன். இன்றைக்கு எல்லாம் நின்னுபோச்சு. பசிக்குது, பீடி கேக்குது. ஆனா இந்த முனியம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு, "இந்தத் தெளிவுதாங்க ஆவாது. எங்க சித்தப்பனும் காளான் தின்ன மூணாம் நாளு இப்படித்தான் எழுந்து உக்காந்து சிரிச்சாரு" என்கிறாள். உள்ளே வா என்றால் வரமாட்டேங்குறா. ரெண்டு பொம்பளைங்களும் என் கண்ணையே உத்துப் பார்த்துக்கிட்டிருந்தா மனுசன் எப்படிக் கஞ்சி குடிக்கிறது? நீங்கதான் தங்கச்சிக்குப் புத்தி சொல்லி எழுதணும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் ரயில்களையெல்லாம் ஆண்டவர் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு, பரிபூரண சுகத்துடன்,
சின்னப்பன்.

பி.கு.: அண்ணா, இது லூர்து எழுதறது. இந்தக் கடுதாசிய மடிக்கறப்பவே அவரு கண்ணு மஞ்சளாயிருச்சு. தருமபுரி பெரியாஸ்பத்திரியில சேர்த்து இன்னிக்கு அஞ்சு நாளு. பக்கத்துல இருந்து நகர முடியல, அதான் தந்தி கொடுக்கல. பொழைச்சுட்டாருன்னு டாக்டரு சொல்லல, இருக்காருன்னு மட்டுந்தான் சொல்றாரு. காலையில கண்ணத் தொறந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தாரு. "அம்மா, நீங்க எந்த ஊருங்க?"ன்னு கேட்டாரு. கல்யாணமாகி பதினோரு வருசத்துல என்னை அவரு 'ங்க' போட்டுப் பேசினது இதான் மொதத் தடவ. பயமா இருக்குதுண்ணா. கெளம்பி வாங்க.