முக்கால் இன்ச் வளர்ந்த தலை

நாய் வளர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். தாடி வளர்ப்பவர்களையும் தெரியும். இரு தரப்பினராலும் அக்கம்பக்கத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் அறிவு வளர்ப்பவர் என்றொரு இனம் இருக்கிறது. அதுதான் கடிக்கும்.

பிறவி அறிவாளியை இங்கே சொல்லவில்லை. அவர் பாவம், பிறந்ததிலிருந்தே பழகிவிட்டார். தன் மூக்கைப்போல அதையும் மறந்துவிட்டு நடமாடுகிறார். நான் சொல்வது, நாற்பது நாற்பத்தைந்து வயதுவரை உங்களையும் என்னையும்போல நன்றாக இருந்துவிட்டு, திடீரென்று ஒரு காலையில் புத்தி துளிர்விட ஆரம்பித்தவரை. புதுச் செருப்புப் போட்டவர் அடிக்கொருதரம் காலைப் பார்ப்பதுபோல, இவர் வார்த்தைக்கொருதரம் தன் மூளையை எட்டிப் பார்த்துக்கொள்வார்.

அடையாளம் காண்பது சுலபம். “மழை வரும் போலிருக்கே” என்று சொல்லிப் பாருங்கள். மனிதராகப் பிறந்தவர் வானத்தைப் பார்ப்பார். இவர் உங்களைப் பார்ப்பார். “மழை வரும்னு உங்களுக்கு ஏன் தோணுது?” என்பார். நீங்கள் நனைந்துகொண்டே யோசிக்க வேண்டியதுதான்.

நம் தையற்கடை மாஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை, திரை போட்ட ஒரு மூலையில் போட்டுப் பார்க்கிற கண்ணாடி, அவ்வளவுதான் கடை. வெட்டுவது மாஸ்டர், தைப்பது அவர் மனைவியின் தம்பி. மாமாவும் மாப்பிள்ளையுமாக இருவரும் பதினைந்து வருஷமாகச் செய்தது பாதி தையல், பாதி வெட்டிப்பேச்சு. அளவெடுக்கும்போது தொப்பையை எக்கிக்கொள்கிற வாடிக்கையாளரிடம் மாஸ்டர், “மூச்சை விடுங்க சார், வாடகைக்கா எடுத்துட்டு வந்தீங்க?” என்பார். நூறாவது தடவை கேட்டாலும் மாப்பிள்ளை மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரிப்பார். மெஷின் சத்தம் நின்றால் தெருவே, “மாஸ்டர் ஏதோ சொல்லிட்டார்” என்று புரிந்துகொள்ளும்.

இப்படிப்பட்ட கடையில்தான் அறிவு புகுந்தது. காது வழியாகப் புகுந்தது. துணி வெட்டும்போது பாட்டுக் கேட்பதற்காக மாட்டிய இயர்போனில், விரல் தவறி, ஒரு சொற்பொழிவு ஓட ஆரம்பித்துவிட்டது. “சிந்திக்கச் சிந்திக்க மனிதன் விரிவடைகிறான்” என்றது ஒரு கனத்த குரல். மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அவர் பாட்டுக் கேட்கவில்லை.

முதல் வாரத்தில் சிரிப்பதை நிறுத்தினார். மாப்பிள்ளை சிரித்தால், “நீ ஏன் சிரிச்சேன்னு உனக்கே தெரியுமா மாப்ள?” என்று கேட்டார். இரண்டாவது வாரத்தில் தன்னையே அறியத் தொடங்கினார். மூலைக் கண்ணாடியை நோக்கி நின்று, ஆழ்ந்த குரலில், “யார் நீ?” என்றார். திரைக்குப் பின்னாலிருந்து, “நான்தான் மாஸ்டர், பேண்ட் போட்டுப் பாத்துட்டிருக்கேன்” என்று பதில் வந்தது. மூன்றாவது வாரத்தில், அடுத்தவர் இடுப்பைச் சுற்றி டேப் போடுவது சிந்திக்கிறவனுக்கு அழகல்ல என்று முடிவு செய்து, அளவெடுக்கும் வேலையையும் மாப்பிள்ளை தலையிலேயே கட்டினார். மாப்பிள்ளை தன் டேப்பால் அளந்து சொல்ல, மாஸ்டர் தன் டேப்பால் துணியில் குறித்து வெட்டுவார்.

இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அந்த வாரத்தில்தான், துணி துவைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஈரக்கையோடு வந்து, “சட்டைப் பாக்கெட்ல டேப்பை விட்டுட்டீங்க. வெந்நீர்ல சட்டையோட சேர்ந்து அதுவும் வெந்து வந்திருக்கு. எதுக்கும் ஒருதடவ பாத்துக்குங்க” என்றார்.

மாஸ்டர் இயர்போனைக் கழற்றாமலே புன்னகை செய்தார். “பொருள்கள் மேல உனக்கு இவ்வளவு பற்று ஏன்னு என்னிக்காவது யோசிச்சிருக்கியா?”

“இல்ல. குக்கர் விசில் அடிக்குது.” போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாஸ்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. சிந்தித்தால் விரிவடைவோம் என்கிறார்களே, எவ்வளவு? தையற்காரரிடம் விரிவு என்று சொன்னால் அவர் இன்ச் கேட்கத்தானே செய்வார்? முன்பு ஒரு பேண்டு வாத்தியக் குழுவுக்குத் தொப்பி தைத்தபோது அவர் தலையை வைத்துத்தான் மாதிரி போட்டார்கள், சரியாக இருபத்திரண்டு. இப்போது டேப்பை நெற்றியைச் சுற்றிப் போட்டுப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். முக்கால் இன்ச் கூடியிருந்தது!

யாரிடமும் சொல்லவில்லை. பணிவும் சேர்ந்தே வளர்ந்திருந்தது. ஆனால் அன்றிலிருந்து கடை வாசலில் குனிந்து நுழைந்தார். நிலைக்கும் தலைக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருந்தது, அது வேறு விஷயம்.

இதற்கிடையில் ஊரில் இன்னொரு விபரீதம் நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் வெட்டிய சட்டை, பேண்ட் எல்லாம் இறுகின. உட்கார்ந்தவர்கள் எழவில்லை, எழுந்தவர்கள் உட்காரத் துணியவில்லை. பக்கத்துத் தெருப் பல் டாக்டர், வாயைத் திறந்து படுத்திருந்த ஒரு நோயாளியின் மேல் குனிந்தபோது, அவர் கால்சட்டைப் பொத்தான் தெறித்து நேராக அந்த வாய்க்குள் விழுந்தது. டாக்டர் முதலில் பொத்தானை எடுத்தார், பிறகு பல்லை எடுத்தார். நோயாளி இரண்டையும் உற்றுப் பார்த்துவிட்டு, “இதுவும் என்னோடதுதானா டாக்டர்?” என்று கேட்டாராம்.

பழைய மாஸ்டராக இருந்தால் இந்தக் கதைக்கு மூன்று நாள் சிரித்திருப்பார். புது மாஸ்டருக்குக் கொள்கைதான் பிறந்தது. “சிந்திக்கிறவனுக்குத் தலை பெருக்கும், சிந்திக்காதவனுக்கு இடுப்பு பெருக்கும். ஊரே சிந்திக்காம விட்டுடுச்சு மாப்ள.”

மாப்பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரமில்லை. திரும்பி வந்த உடுப்புகளையெல்லாம் சாயங்காலம் சாயங்காலமாகத் தையல் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை இழுத்துவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மட்டும் மெதுவாக, “மாமா, ஒருவேளை வெட்டுலதான் ஏதாவது...” என்று ஆரம்பித்தார்.

மாஸ்டர் கண்ணை மூடினார். ஞானிகள் திட்டுவதற்கு முன்னால் கண்ணை மூடுவார்கள். “தப்பு என் வெட்டுல இல்ல. உன் அளவுல. உன் ஆழ்மனசுல எம்மேல ஒரு பொறாமை இருக்கு. அது விரல் வழியா டேப்புல இறங்குது. நான் கோபப்படல. புரிஞ்சுக்கறேன்.”

ஒருவர் நம்மைத் திட்டினால் திருப்பித் திட்டலாம். புரிந்துகொண்டால் என்ன செய்வது? மாப்பிள்ளை ஒரு வாரம் குனிந்த தலை நிமிராமல் தைத்தார். மெஷின் நிற்காமல் ஓடியது. தெருவில் இருந்தவர்களுக்கே என்னவோ போலிருந்தது. மாஸ்டருக்கும் இருந்தது, ஆனால் தனிமை பெரிய மனிதர்களுக்குச் சகஜம் என்று காதுக்குள் அந்தக் கனத்த குரல் சொல்லிவிட்டதால் அவர் தைரியமாக இருந்தார்.

சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை குனிந்து, தன் மெஷினைப் பலகையிலிருந்து கழற்ற ஆரம்பித்தார்.

“என்ன மாப்ள பண்ற?”

“யூனிஃபார்ம் தைக்கிற கடையில கூப்பிட்டாங்க மாமா. அங்க ஆழ்மனசெல்லாம் கேக்கறதில்ல.”

மாஸ்டரின் நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. “போகாதே” என்ற ஒற்றைச் சொல்தான். ஆனால் வளர்ந்த அறிவு வாசலில் நின்று வழிமறித்தது. “விட்டுப் போகணும்னு உனக்கு ஏன்...” என்று அவர் தொடங்கியபோது பல் டாக்டர் உள்ளே வந்தார், கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு. அதாவது போட்டுக்கொண்டுதான், கையிலும் பிடித்துக்கொண்டு.

“யாராவது ஒருத்தர் என்னை ஒழுங்கா அளங்கய்யா!”

மாப்பிள்ளை கழுத்திலிருந்த டேப்பை எடுத்து டாக்டரின் இடுப்பைச் சுற்றிப் போட்டார். “முப்பத்தெட்டு.”

“நகரு. பொறாமை இல்லாதவன் அளந்தா எப்படி இருக்கும்னு காட்றேன்.” மாஸ்டர் தன் டேப்பைப் போட்டார். “முப்பத்தொன்பதுக்கு மேல!”

“ஒரு நிமிஷத்துலயா நான் பெருத்துட்டேன்?” டாக்டர் மிரண்டுபோனார். “ரெண்டு டேப்பையும் பக்கத்துல பக்கத்துல வைங்க.”

வைத்தார்கள். தலைப்புகளைச் சேர்த்துப் பிடித்தார்கள். மாஸ்டரின் டேப், மற்றதன் முடிவை எட்டாமல், இரண்டு விரல் குட்டையாக நின்றது.

சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலில் நின்ற மாஸ்டரின் மனைவி எட்டிப் பார்த்தார். “வெந்நீர்ல வெந்துச்சுன்னு அன்னிக்கே சொன்னேன். பற்று ஏன்னு கேட்டாரு.”

மாஸ்டர் தானே அளந்து தானே வெட்டியிருந்தால், குட்டை டேப் அளக்கும்போது கூட்டிச் சொன்னதை வெட்டும்போது குறைத்து, எல்லாம் சரியாகப் போயிருக்கும். அறிவு வந்து கையைக் கட்டிப்போட்டதால் வந்த வினை. அது மெல்ல மெல்ல அவருக்கு உறைத்தது. அதைவிடப் பெரிய ஒன்றும் உறைத்தது. அவர் முக்காலியில் உட்கார்ந்து, இயர்போனைக் கழற்றினார்.

“மாப்ள, போறதுக்கு முன்னாடி ஒரு உதவி. உன் டேப்பால என் தலையை அளந்து சொல்லு.”

மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் அளந்தார். “இருபத்திரண்டு. பழைய தலைதான் மாமா.”

மாஸ்டர் டேப்பை வாங்கி, அந்த இருபத்திரண்டைக் குனிந்து தானும் ஒருதடவை பார்த்தார். பிறகு நிமிர்ந்து, “அப்படின்னா,” என்றார், “இத்துனூண்டு தலையை வெச்சுக்கிட்டே நான் இவ்வளவு யோசிச்சிருக்கேன்னா, நான் எப்பேர்ப்பட்ட ஆளு பாத்துக்க!”

மாப்பிள்ளை பாதி கழற்றிய மெஷினை அப்படியே விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார், கையை விட்டுவிட்டதால் உடனே நிறுத்தவும் செய்தார். மெஷின் இப்போதும் அதே பலகையில்தான் இருக்கிறது. மாஸ்டர் அதை வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று மட்டும் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று பயம்.

உங்களுக்கு ஒரு யோசனை. சமீபகாலமாகச் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் கொஞ்சம் மந்தமாகிவிட்டதாக உங்களுக்குத் தோன்றுகிறதா? நீங்கள் சொல்வதற்கு வீட்டில் யாரும் சிரிப்பதில்லையா? நல்லது, வளர்ந்துகொண்டிருக்கிறீர்கள். தாராளமாக அளந்து பாருங்கள். டேப்பை மட்டும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.