நான் சுத்தம் செய்த பட்டியல்

காலை ஒன்பது நாற்பதுக்கு நான் தூசி தட்டப் போனேன். அதோடு எல்லாம் கெட்டது.

பத்தரைக்கு மகள் வள்ளிக்கு ஆன்லைனில் நேர்காணல். ஒரு வருடம் அலைந்து கிடைத்த ஒரே அழைப்பு. அவளே எழுதிய புரோகிராமை ஓட்டிக் காட்ட வேண்டும். (அது எதற்கான புரோகிராம் என்று நான் கேட்டதில்லை. விளக்க ஆரம்பித்தால் சோறு ஆறிவிடும்.) லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள்.

திரையில் நீளமாக ஒரு பட்டியல். வரிக்கு ஒரு பெயர், எதிரே ஓர் எண், மேலே 'போர்ட்' என்று ஏதோ குறிப்பு. போர்ட் என்றால் கதவு, திறந்து கிடந்தால் திருடன் வருவான் என்று அன்று காலைதான் வாட்ஸாப்பில் படித்திருந்தேன். கோட்டையூரில் நாங்கள் குடியிருக்கும் பெரிய வீட்டில் தினமும் பதினோரு கதவை எண்ணிப் பூட்டுகிற கணக்கு டீச்சர் நான். விடுவேனா?

'ஃபிங்கர்' என்றொரு வரி. விரலுக்கு இங்கே என்ன வேலை? அழித்தேன். 'டிஸ்கார்ட்', தூக்கி எறி என்று அதுவே சொல்கிறது. எறிந்தேன். இப்படியே இன்னும் பல வரிகள். கடைசி வரி 'கண்மாய், 7070'. எங்கள் ஊர்க் கண்மாய் வரை தெரிந்து வைத்திருக்கிறானே, பாவி! அதையும் அழித்துச் சேமித்தேன்.

வள்ளி வந்து புரோகிராமை ஓட்டினாள். அப்படியொரு சேவையே தெரியாது என்றது கம்ப்யூட்டர்.

"அம்மா! இதுல கை வச்சீகளா?"

"தெறந்து கெடந்த கதவத்தானே சாத்துனேன்."

"ஐயோ, இது கதவில்லம்மா! எந்தப் பேருக்கு எந்தக் கதவுன்னு எழுதி வச்ச பட்டியலு. கண்மாய்ங்கிறது நான் வச்ச பேரு. என் புரோகிராமு கண்மாயின்னு கேட்டா, இதப் பாத்துத்தான் 7070ன்னு நம்பரு கெடைக்கும். இப்ப எங்குட்டுப் போறதுன்னு தெரியாம முழிக்குது."

"அப்ப கதவு?"

"அது அப்படியேதான் இருக்கு!"

அவள் கண்மாயைத் திரும்ப எழுதினாள். அடுத்து இன்னொரு பெயரைக் காணோம் என்றது. அதை எழுதினால் வேறொன்று.

"என்ன நம்பரெல்லாம் இருந்துச்சு? கணக்கு டீச்சர்தானே, சொல்லுங்க!"

ஒன்றுகூட நினைவில்லை.

சரியாகப் பத்தரைக்குத் திரையில் நேர்காணல் செய்யும் ஓர் அம்மையார் வந்தார். நான் பீரோவுக்குப் பின்னால் போனேன். வள்ளி நடந்ததை அப்படியே சொல்லிவிட்டாள்.

"சரி, வேற டெமோ வேண்டாம். நான் பார்க்கிறேன், இதையே சரி பண்ணுங்க" என்றார்.

மற்ற எண்களை இணையத்தில் தேடி எடுத்து, இருபத்தைந்து நிமிடத்தில் சரி செய்தாள். அந்த அம்மையார் விடைபெறும்போது சொன்னது பீரோ வரை கேட்டது.

"முடிவை நாளைக்குச் சொல்றோம். வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டியும், அம்மாவை லேப்டாப் பக்கம் விடாதீங்க."

வேலை கிடைத்துவிட்டது. அந்தத் தடையைத்தான் வீட்டில் இன்னும் யாரும் நீக்கவில்லை.