நடக்கும் முன்பே நன்றி

நன்றி சொல்லியே அரசு அலுவலகங்களை நடுங்க வைத்தவர் மதுரையில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பசுமலைப் பக்கம் ஒரு சபையில் உபதேசியாராக இருந்தார். பதவியில் போதகருக்கு ஒரு படி கீழே, அலைச்சலில் பத்துப் படி மேலே. அவருடைய பெயர் சபைப் பதிவேட்டில் இருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் 'அட்வான்ஸ் உபதேசியார்'.

மற்றவர்கள் காரியம் முடிந்தபின் கடவுளுக்கு நன்றி சொல்வார்கள். இவர் தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார். அதுவும் அந்தக் காரியத்தைச் செய்ய வேண்டியவரின் எதிரில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, உரத்த குரலில்.

பழங்காநத்தத்தில் துப்புரவுப் பணியாளர்கள் குடியிருந்த சந்தில் பல நாளாகத் தண்ணீர் வரவில்லை. உபதேசியார் மாநகராட்சிப் பொறியாளரின் மேஜை முன் போய் நின்றார்.

"ஆண்டவரே, இந்தத் தம்பி இன்னைக்குச் சாயங்காலமே தண்ணி தொறந்துவிட்டதுக்காக ஸ்தோத்திரம்!"

"ஐயா, நான் இன்னும் தொறக்கவே இல்ல."

"இல்லைன்னு அடக்கமாச் சொல்றாரு. அந்த அடக்கத்துக்காகவும் ஸ்தோத்திரம்!"

அலுவலகமே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. கண்ணை மூடி ஜெபிக்கிறவரை வெளியே போகச் சொல்ல எங்கள் ஊரில் எந்த மதத்துக்காரருக்கும் வாய் வராது. சாயங்காலம் தண்ணீர் வந்தது.

நான் அப்போது ஒரு மாலைப் பத்திரிகையின் நிருபர். என்னையும் அவர் விடவில்லை. "தம்பி, செய்தி ரொம்ப நல்லா வந்திருந்துச்சு" என்று போன் செய்வார். "எந்தச் செய்தி ஐயா?" என்றால், "இனிமேத்தான் சொல்லப் போறேன், எழுதிக்கங்க" என்பார்.

சபைக் கமிட்டியார் அவர்மேல் பொருமினார்கள். "அந்தச் சந்துல நம்ம சபையார் ஒரு வீடுகூடக் கிடையாதே, ஓய்?" என்று ஒருவர் கேட்டார். "அடிபட்டுக் கெடக்குறவன்கிட்ட எந்தச் சபைன்னு விசாரிக்கச் சொல்லி வேதத்துல எங்கயும் இல்லையேண்ணே" என்றார் உபதேசியார். பிறகு கமிட்டி அவருக்குப் புது சைக்கிள் வாங்கித் தந்ததற்காக அங்கேயே நன்றி கூறத் தொடங்கினார். கமிட்டி அவசரமாகக் கலைந்தது.

ஒரு ஐப்பசியில் சோழவந்தான் அருகே ஒரு காலனிக்கு என்னை வரச் சொன்னார். மாயழகு என்ற கூலித் தொழிலாளி இறந்திருந்தார். மயானத்துக்குப் போகும் வண்டிப்பாதை அரசாங்க வரைபடத்தில் இருந்தது. தரையில் அதை வளைத்து வெற்றிலைக் கொடிக்கால் போட்டு, இரும்பு கேட் வைத்துப் பூட்டியிருந்தார் தங்கவேல் என்பவர். காலனிக்காரர்கள் பிணத்தை வாய்க்காலில் இறங்கித்தான் கொண்டுபோக வேண்டும். அன்று வாய்க்காலில் மார்பளவு தண்ணீர்.

மாயழகின் மகள் செல்வி பாடையின் குறுக்கே நின்றாள். "போன மழைக்கு எங்காத்தாவ இந்த வாய்க்காலுக்குள்ள நழுவவிட்டுத் தேடி எடுத்தோம். எங்கப்பனையும் அப்படி விடமாட்டேன். கேட்டைத் தொறக்கட்டும். இல்லையா, இங்கனயே கெடக்கட்டும்."

தாசில்தாருக்குப் போன் போட்டோம். நாளை வருவதாகச் சொன்னார். கேட்டுக்கு உள்ளே தங்கவேல், அவருடைய ஆட்கள் நான்கு பேர். வெளியே மழையில் பாடை.

உபதேசியார் கேட்டருகே போனார். கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, எங்க தங்கவேல் அண்ணன் இந்தக் கேட்டைத் தொறந்துவிட்டதுக்காக ஸ்தோத்திரம்!"

"யோவ், நான் எப்பய்யா தொறந்தேன்?"

"அவரு கோவக்காரருதான். இருந்தும் தொறந்தாரே, அதுக்காக ஸ்தோத்திரம்! மாயழகு இவரு தோட்டத்துல எம்புட்டு வருசம் கொடி கட்டுனாருங்கிறதை அவரு மறக்காம இருந்ததுக்காக ஸ்தோத்திரம்!"

தங்கவேலின் ஆட்களில் ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். ஜெபம் நீண்டது. தங்கவேலின் பிள்ளைகள், மாடுகள், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லியாயிற்று. தங்கவேல் செல்வியைப் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்து எறிந்தார்.

"தொறந்து தொலைங்க! இந்த மனுசன் வாயை மூடுனாப் போதும்!"

மறுநாள் கேட் மறுபடி பூட்டப்பட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும். அதன்பின் உபதேசியாரும் செல்வியும் தாலுகா அலுவலகத்துக்கு நடந்தார்கள். மனு கொடுத்தார்கள், காத்திருந்தார்கள். இரண்டு தாசில்தார்கள் மாறினார்கள். மூன்றாமவர், ஜெபத்துக்குப் பயந்தோ சட்டத்துக்குப் பயந்தோ, சர்வேயரோடு வந்து அளந்து கல் நட்டார். கேட் அகற்றப்பட்டது. பின்னர் சிமெண்டுச் சாலையும் வந்தது.

போன மாதம் அந்தக் காலனியில் ஒரு சாவு. போயிருந்தேன். ஊர்வலம் கொடிக்கால் ஓரமாக, நனையாத கால்களோடு சாவகாசமாகப் போனது. முன்னே மேளமும் வெடியும். நடுவில் இளவட்டங்கள் செல்போனில் பேசிக்கொண்டு வந்தார்கள். இந்தச் சாலை எப்போதும் இங்கேதான் இருந்தது என்பதுபோல நடந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், வயதாகி முதுகு வளைந்த உபதேசியார், ஒரு கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வேகத்தைக் குறைத்து, மயானம் வரைக்கும் அவருக்குப் பக்கத்திலேயே நடந்தேன்.