மாஸ்டர் முறுக்கிய ஸ்பிரிங்

இதில் ஓர் எழுத்து பொய்யானாலும், எனக்கு மிச்சமிருக்கிற நாலு பல்லும் இப்போதே உதிரட்டும்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் முதல் வளைவிலேயே மல்லாந்து கிடந்தது. வீடியோ கேமில்தான். அந்தக் காலத்து அழகி அந்தக் கார். அதே மாடலை வெள்ளையில் எடுத்த அவர் மனைவி, பட்டாணி உரித்த கையோடு வந்து உட்கார்ந்து ஜெயித்துவிட்டாள்.

பந்தயம் லேசுப்பட்டதல்ல. அவள் லைசென்ஸ் வாங்கி வருடக்கணக்காகியும் வீட்டுக் காரைத் தொட மாஸ்டர் விட்டதில்லை. "உனக்கு இன்னும் கை பழகல" என்பார். மூன்று ரேஸிலும் அவர் தோற்றால் கார் சாவி அவளுக்கு.

"ஒண்ணு போச்சு" என்றாள்.

"வண்டியில கோளாறு. பின்னாடி ஸ்பிரிங் தொளதொளன்னு இருக்கு. உனக்கெங்க புரியப்போகுது?"

கேமில் காரைச் சீர்செய்யும் திரையைத் திறந்து, உலகத்து ஸ்பிரிங்கையெல்லாம் முறுக்கினார். அடுத்த ரேஸில் கார் சுவரில் முட்டி, ஒரு விளம்பரப் பலகையைத் தலையில் சூடிக்கொண்டு நின்றது.

"பாத்தியா? ரொம்ப இறுகிடுச்சு. ஸ்டீயரிங் திரும்பவே மாட்டேங்குது."

"ஐயோ பாவம், ஸ்டீயரிங்."

மாஸ்டர் ஸ்பிரிங்கைத் தளர்த்தினார், டயரில் காற்றைக் குறைத்தார், கியரை மாற்றினார், பிரேக்கைக் கூட்டினார். சுனாமிக்குப் பயந்து வீட்டைக் காலிசெய்கிறவன்கூட அத்தனை சாமானை நகர்த்தியிருக்க மாட்டான்.

மூன்றாவது ரேஸில் கிர்ரென்று சுழன்ற மாஸ்டரின் கார், வந்த வழியே திரும்பிப் பறந்தது. எதிரே வெள்ளைக் கார் வந்தது.

"ராங் சைடுல வர்றா பாரு! இதுக்குத்தான் இவளுக்கு வண்டி தர்றதில்ல!" என்று கத்தினார். வெள்ளைக் கார் ஒதுங்கிப் போய் ஜெயித்தது.

மனைவி கையை நீட்டினாள். "சாவி."

"செல்லாது! செட்டிங்தான் தப்பு. என் கையில ஒரு தப்பும் இல்ல."

கேமுக்குச் சொந்தக்காரியான மாஸ்டரின் தங்கை, அப்போதுதான் வேலைவிட்டு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் மாஸ்டர் அவளை டிவி முன்னால் நிறுத்தி எல்லாவற்றையும் விளக்கினார்.

"நீயே சொல்லும்மா. எந்த செட்டிங்க நான் தப்பா வச்சேன்?"

தங்கை திரையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"ரெண்டு பேர் ஆடுற ரேஸ்ல நம்ம மாத்துற செட்டிங் எதையுமே இந்த கேம் எடுத்துக்காதுண்ணா. ரெண்டு காரும் கம்பெனியில இருந்து வந்த மாதிரியேதான் ஓடியிருக்கு."