கெர்கினா டீச்சரின் நாற்பதாம் நாள்

பேருந்து நிறுத்தத்துச் சுவரின் முன் மூன்று பெண்கள் நின்று சிலுவைக்குறி இட்டுக்கொண்டார்கள். அவர்கள் தலை குனிந்தது ஸ்வெத்லோசாரின் விளம்பரத்துக்கு.

வார்னா நகரின் கடற்கரை விடுதியில் 'மாறும் சந்தையில் மருத்துவமனை' என்னும் கருத்தரங்கை முடித்துவிட்டு, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் அப்போதுதான் பேருந்திலிருந்து இறங்கியிருந்தான் அவன். கோர்னி ப்ரோத் நகராட்சி மருத்துவமனையின் விளம்பர அதிகாரி. அந்தப் பதவிக்கு அவனே முதல் ஆள். கடைசி ஆளும் அவனாகவே இருக்கலாம் என்று தலைமை மருத்துவர் அஸ்பாரூஹ் அவ்வப்போது நினைவூட்டிவந்தார்.

அவன் வடிவமைத்தபோது அது வண்ணப்படம். பித்தப்பைக் கல் நீங்கி நலமாக வீடு திரும்பிய கெர்கினா தோதெவா, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, சூரியகாந்திகளுக்கு நடுவே சிரிப்பார். கீழே, 'இனி வலியில்லை. அன்புடன், உங்கள் மருத்துவமனை.' சுவரில் இருந்ததோ கறுப்பு வெள்ளைத் தாள். சூரியகாந்திகள் மலர்வளையம்போல் சாம்பல் பூத்திருந்தன. சுற்றிலும் போட்டிருந்த வண்ணக் கட்டமும் கறுப்பாகியிருந்தது. இடப்பக்கம் போன வாரம் இறந்த தையற்காரரின் இரங்கல் தாள்; வலப்பக்கம் இறந்து ஓராண்டானதால் படமாகத் திரும்பி வந்த தீயணைப்பு வீரர். நடுவே கெர்கினா சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் இறந்தவர்கள் முதலில் சுவருக்குத்தான் போவார்கள்; கல்லறைக்குப் போவது அதன் பிறகே.

வண்ண அச்சு வீண்செலவு என்று தலைமை மருத்துவர் தம் அலுவலகத்துப் பழைய எந்திரத்திலேயே தாள்களை அடித்துத் தள்ளியிருந்தார். ஒட்டும் பொறுப்பு ராஷ்கோவிடம் போயிருந்தது. ஊரின் இரங்கல் தாள்களையெல்லாம் ஒட்டுகிறவர் அவரே. பசைவாளியும் கையுமாக அவரைச் சந்தை முனையில் பிடித்தான் ஸ்வெத்லோசார்.

"ஏண்ணே, இதை எதுக்கு அங்க கொண்டுபோய் ஒட்டினீங்க?"

"படம் இருக்கு, பேரு இருக்கு, கட்டம் இருக்கு. வேற எங்க ஒட்டுறது?" ராஷ்கோ மூக்கைத் துடைத்துக்கொண்டார். "டீச்சர்கிட்ட அடி வாங்கிப் படிச்சவன் தம்பி நான். அழுதுகிட்டேதான் ஒட்டினேன். முறைப்படி அவங்க வீட்டுக் கதவுலயும் ஒண்ணு ஒட்டிட்டு வந்தேன்."

நோய் துன்பமாக இருந்த காலம் போய், நோய் ஒரு வாய்ப்பாக மாறிவிட்ட காலம் அது. நோயாளி மன்னன் என்றார்கள்; மன்னன் எந்தக் கட்டிலில் படுக்கிறானோ அந்தக் கட்டிலுக்கே அரசின் நலநிதியம் படியளந்தது. பக்கத்து நகரில் புதிதாய் எழுந்திருந்த தனியார் மருத்துவமனையின் வாசலில் நீரூற்று, வரவேற்பறையில் காப்பி, கழிவறையில் இசை. கோர்னி ப்ரோத்தில் இருந்ததெல்லாம் நல்ல அறுவை மருத்துவர் ஒருவரும் காலிக் கட்டில்களுமே. பனி விழுவதற்குள் கட்டில்கள் நிரம்பாவிட்டால் அறுவைப் பிரிவு மூடப்படும். அதற்கு முந்தைய நாள் ஸ்வெத்லோசாரின் வேலை மூடப்படும். அவனோ மாமனார் வீட்டு மாடியில் குடியிருப்பவன். மாமனாருக்கு ஆட்டுப்பட்டி உண்டு. மேய்க்க ஆள் இல்லை என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, இறந்தவர் நேரிலேயே வந்தார். கையில் ஒரு கிண்ணம். அவித்த கோதுமை, மேலே சர்க்கரை தூவியது.

"இது என்னன்னு தெரியுதா?"

"கோதுமை, டீச்சர்."

"யாருக்குப் படைக்கிறது?"

ஸ்வெத்லோசார் மேசையைப் பார்த்தான். "செத்தவங்களுக்கு."

"என் கருமாதிக் கோதுமைய என் வாசல்லயே வந்து, முகத்தக்கூட நிமிந்து பாக்காம எங்கிட்டயே நீட்டுறாங்க. அதுலயும் சர்க்கரை கம்மி."

நகரத் தலைவரிடம் புகார் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லி, கிண்ணத்தை அவன் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

முதல் பரிகாரம் எளிது என்று நினைத்தான்: கிழித்துவிடுவது. இரங்கல் தாளை மழை கிழிக்கலாம், காற்று கிழிக்கலாம். மனிதன் கிழிக்கக்கூடாது என்பது ஊரின் எழுதாத சட்டம். இரண்டாவது தாளில் கை வைத்தபோதே ரொட்டிக் கடைக்காரியின் குடை அவன் முதுகில் இறங்கியது. மாலைக்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. மருத்துவமனை டீச்சரைக் கொன்றது ஒரு குற்றம். கொன்றதை மறைக்கப் பார்ப்பது இன்னொரு குற்றம். கட்டிலில் இருந்த இரண்டு நோயாளிகளில் ஒருவர், குடலிறக்கத்தோடு எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

இரண்டாம் பரிகாரம்: கறுப்பே வேண்டாம். 'கெர்கினா நலம்' என்று பெரிய எழுத்தில் புதுத் தாள். அச்சகத்தில் மீந்திருந்த மை பச்சை; கட்டமும் பச்சையானது. அவசரம் அறிவை முந்திக்கொண்டது. பச்சைக் கட்டம் அந்த ஊரில் முஸ்லிம்களின் இரங்கல் தாளுக்கு உரியது என்று அவனுக்கு உறைத்தபோது, அறைவாசலில் பாதிரியாரும் மசூதியின் ஹோஜாவும் சேர்ந்தே நின்றார்கள். எத்தனையோ ஆண்டுகளாகத் தம் கையால் திருவிருந்து வாங்கிய பெண் எப்போது மதம் மாறினாள் என்று பாதிரியார் கேட்டார். ஹோஜா பொறுமைசாலி.

"எங்க பக்கம் இடம் ஒதுக்கணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லிடுங்க சார்."

உயிரோடிருக்கிறார் என்று அவன் விளக்கியதை இருவருமே நம்பவில்லை. நிறுவனம் அப்படித்தான் சொல்லும் என்றார்கள். பிறகு இருவரும் எதிர்க்கடையில் ஒரே மேசையில் அமர்ந்து, காப்பி குடித்து, அவனைத் திட்டினார்கள். சமய நல்லிணக்கத்துக்கு அந்த மருத்துவமனை ஆற்றிய ஒரே தொண்டு அது.

மூன்றாம் பரிகாரத்துக்கு வார்னாவின் பாடம் கைகொடுத்தது. அங்கே ஒரு பேச்சாளர் மேடையில் முழங்கியிருந்தார்: மக்கள் சொல்லை நம்பமாட்டார்கள், எண்ணை நம்புவார்கள். ஸ்வெத்லோசார் நாட்காட்டியைப் பார்த்தான். தலைமை மருத்துவரின் எந்திரத்திலேயே அடித்தான். 'அறுவை முடிந்து நாற்பது நாள். கெர்கினா நலமே.'

மனிதன் இறந்த நாற்பதாம் நாள் ஆவி விடைபெறும். அன்றைக்குப் படத்தோடு மறு தாள் ஒட்டுவார்கள். இதை அறியாத குழந்தைகூடக் கோர்னி ப்ரோத்தில் இல்லை. அறிந்திருந்தும் ஒட்டினான் ஸ்வெத்லோசார். வேலை போகும் அச்சம், மனிதன் தாய்ப்பாலோடு குடித்த வழக்கத்தையும் மறக்கச் செய்யும். ஊரார் படத்தைப் பார்த்தார்கள், நாற்பதைப் பார்த்தார்கள், மற்றதைப் படிக்கவில்லை. ரொட்டியும் மதுவும் ஏந்திக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே கெர்கினாவின் கல்லறையைக் காணோம். உடலையே மருத்துவமனை வைத்துக்கொண்டதாம் என்று பேச்சு கிளம்பியது. கட்டிலில் மிஞ்சியிருந்த இன்னொரு நோயாளியும் அன்றே எழுந்து போனார்.

யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் தாளைப் படமெடுத்து ஸ்பெயினுக்கு அனுப்பினான். அங்கே கட்டட வேலை பார்க்கும் கெர்கினாவின் மகன் ப்ளாமென், தாயின் அறுவைக்கும் வராதவன், முதல் விமானத்தைப் பிடித்து, மலர்வளையத்தோடு வந்து கதவைத் தட்டினான். கதவைத் திறந்தது தாய். வளையத்தை வாங்கி ஓரமாய் வைத்துவிட்டு, அவனைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னாராம். இது ஸ்வெத்லோசாரின் காதுக்கு வந்தபோது, வழக்கறிஞரோடுதான் இனி டீச்சர் வருவார் என்று அவன் முடிவுகட்டினான். விலகல் கடிதத்தைத் தானே எழுதிவிடுவது கௌரவம் என்று தோன்றியது.

கையெழுத்திடும் முன் கெர்கினா வந்துவிட்டார். தனியாகத்தான் வந்தார். அவன் எழுந்து நின்றான், கரும்பலகை முன் நிறுத்தப்பட்ட மாணவனைப்போல.

"புகாரைத் திரும்ப வாங்கிட்டேன்."

"டீச்சர், இன்னைக்கே எல்லாத் தாளையும் கிழிச்சு..."

"கிழிச்சுப் பாரு, கையை ஒடிக்கிறேன். நான் வர்றேன். எம்மகன் கூரையச் சரி பண்ண மேல ஏறி நிக்கிறான், ஏணியப் பிடிக்க ஆளில்ல."

அவன் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் தள்ளினான்.

அடுத்த திங்கட்கிழமை மருத்துவமனை நடையில் நிற்க இடமில்லை. சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்தெல்லாம் முதியவர்கள் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை, மழித்த முகம். நண்பகலுக்குள் கட்டில்கள் தீர்ந்தன. நடையில் நாற்காலி போட்டார்கள். அறுவை மருத்துவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். தலைமை மருத்துவர் ஸ்வெத்லோசாரைத் தழுவி இரு கன்னத்திலும் முத்தமிட்டார். நீரூற்று மருத்துவமனையின் மேலாளர் தொலைபேசியில் அழைத்து, இது எந்த ஊர் உத்தி என்று விசாரித்தாராம்.

"எங்கே பிடிச்சப்பா இந்த யோசனைய? எனக்காவது சொல்லு" என்றார் தலைமை மருத்துவர்.

ஸ்வெத்லோசார் சற்றும் தயங்காமல் சொன்னான். அச்சத்தை முதலில் விதைத்து, நம்பிக்கையைப் பிறகு அறுவடை செய்வது. இறந்ததாக நினைத்தவரைச் சந்தையில் உயிரோடு பார்க்கும் மக்கள், இந்த மருத்துவமனை சாவையே வெல்லும் என்று தெளிகிறார்கள். சொல்லச் சொல்ல அவனுக்கே அது உண்மையாகிவிட்டது. அடுத்த வார்னாக் கருத்தரங்கில் மேடையில் நிற்கும் தன் உருவம் கண்ணில் தெரிந்தது. மாமனாரின் ஆடுகள் தொலைவில் தேய்ந்து மறைந்தன.

நோயாளியிடம் நேரில் கேள் என்பதும் வார்னாவின் பாடமே. வரிசையின் முன்னால் நின்ற ஸ்தோயில் என்னும் முதியவரிடம் அவன் பணிவாகக் குனிந்தான். எத்தனையோ மருத்துவமனை இருக்க, எதை நம்பி எங்களிடம் வந்தீர்கள், உடம்புக்கு என்ன என்று கேட்டான்.

முதியவர் கோட்டின் உட்பையிலிருந்து, கைக்குட்டையில் பொதிந்த தம் புகைப்படத்தை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல தம்பி, நீங்க எதை வேணும்னாலும் அறுத்துக்கங்க, படத்தை மட்டும் கறுப்புக் கட்டம் போட்டே ஒட்டிடுங்க, என் பசங்க ரெண்டு பேரும் ஜெர்மனியில இருக்காங்க."