விளம்பரத்திலிருந்து என் முகத்தை மீட்டுத் தந்த அத்தைக்கு

மதிப்பும் பாசமும் நிறைந்த சின்ன அத்தைக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான், என் முகம் எல்லோரும் நலம். அங்கே நீங்களும் மாமாவும் நலமாயிருக்க வேண்டும். போனில் நன்றி சொல்லலாம் என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் "ஹலோ" என்றதும் வாய் ஒட்டிக்கொண்டது, வைத்துவிட்டேன். அந்த ராங் நம்பர் நான்தான். அதனால் எழுதுகிறேன். படிப்பைப் பாதியில் விட்டவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று அழுதுகொண்டே சொன்னதில் உங்களுக்குப் பாதி புரிந்திருக்காது. சலவைக் கடையில் என் இடம் பின்னறையில் இருக்கும் இஸ்திரி மேசை, யாரோடும் பேச வேண்டாம் என்றே கேட்டு வாங்கிய இடம். அங்கே பட்டன் தைக்கும் அக்கா போனில் ஒரு ஆப்பைக் காட்டி, "பரு போனா எப்படி இருப்பேன்னு சும்மாவே காட்டுது, போட்டுப் பாரேன்" என்றார். என் முகத்தைக் காட்டியதும் நீளமாக என்னவோ எழுத்துகள் ஓடி, கீழே 'சம்மதம்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு கட்டங்கள் வந்தன. முன்பின் தெரியாதவர்கள் இவ்வளவு மெனக்கெட்டுக் கேட்கும்போது முகத்தில் அடித்தாற்போல மறுக்கிறேன் என்று எப்படிச் சொல்வது அத்தை? சங்கடப்பட்டுக்கொண்டு சம்மதத்தை அழுத்தினேன். அடுத்த வாரம் அந்த ஆப் கம்பெனியின் முகப்பூச்சு விளம்பரத்தில் இடப்பக்கம் 'முன்' என்று நான், வலப்பக்கம் 'பின்' என்று யாரோ ஒரு பெண், அவளுக்கு மூக்கே வேறு. துணி கொடுக்க வந்தவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கூரியர்க்காரர் வேறு, "என்ன முன்னு, பின்னு எப்ப வருவா?" என்று தினமும் கேட்டார். படுக்கை விரிப்புகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தேய்த்ததில் ஒரு வக்கீலின் கோட்டைத் தீய்த்துவிட்டேன். முதலாளியம்மா அதற்குக்கூடத் திட்டவில்லை. "உன்னப் பாக்கத்தான் கூட்டம் வருது. திங்கக்கிழமையிலருந்து கவுண்டர்ல நில்லு, இல்லேன்னா வேற வேலை பாத்துக்க" என்றார். வேலையையே விட்டுவிடலாம் என்று வீட்டுக்கு வந்தால், அம்மா அந்த முகப்பூச்சில் இரண்டு டப்பா வாங்கி வைத்திருக்கிறாள்.

"இதப் போட்டா பரு போயிடுமாம்டி, விளம்பரத்துலயே ஒரு பொண்ணுக்குப் போயிருக்கு."

"அம்மா, அது நான்ம்மா!"

"அதான் சொல்றேன், உனக்கே போயிருக்கு பாரு!"

என் முகத்தைக் காட்டி என் அம்மாவிடமே விற்றுவிட்டார்கள். அப்பாவோ, "விடும்மா, எதுலயாவது முன்னாடி நிக்கிறியே" என்றார்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தீர்கள்.

"அவங்க சம்மதம் குடுத்திருக்காங்க மேடம்."

"குடுத்தத திருப்பி வாங்கிக்கவும் அவளுக்கு உரிமை இருக்கு தம்பி. அவ படம் எங்கெங்க வச்சிருக்கீங்க, யார் யாருக்குக் குடுத்தீங்க, எல்லாத்தையும் எழுத்துல குடுங்க."

'எழுத்துல' என்றதும் அந்தத் தம்பி அவசரமாக மேலாளருக்கு மாற்றினார். இன்னொரு கம்பெனிக்காக நாள் முழுக்கப் போனில் திட்டு வாங்கும் வேலை உங்களுக்கு, எந்தச் சொல்லுக்கு எதிர்முனை பயப்படும் என்று தெரிந்திருக்கிறது. ஆனால் நீங்கள் அதோடு விட்டீர்களா? போனை என் பக்கம் தள்ளி, "மூஞ்சி உன்னோடதுடி, நீயே கேளு" என்றீர்கள்.

"யார் பேசுறது?" என்றார் மேலாளர்.

"நான்தாங்க... முன்" என்றேன். வேறெப்படிச் சொல்வது? பிறகு எங்கிருந்தோ தைரியம் வந்து, "அழிச்சிடுங்க" என்றும் சொல்லிவிட்டேன். "அவளுக்கு வயசு பதினேழு" என்று நீங்கள் குறுக்கே சொன்னதும், "மைனரா? இன்னைக்கே எடுத்துடறோம் மேடம்" என்றார் மேலாளர்.

படம் போய்விட்டது அத்தை. கூட்டமும் போய்விட்டது. முதலாளியம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைப் பின்னறைக்கே அனுப்பிவிட்டார். நேற்று பட்டன் அக்கா இன்னொரு டீ நீட்டியபோது "வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை, தானே குடித்துவிட்டார். இவ்வளவு சுலபம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இந்த நன்றியை எந்நாளும் மறக்க மாட்டேன். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் குரல் என்றும் இதே கம்பீரத்தோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
தன் முகத்தைத் தானே வைத்திருக்கும்
உங்கள் மருமகள்

பி.கு.: அழிக்கச் சொன்னது நான்தானா என்று சரிபார்க்க வேண்டுமாம், நேராக, வலமாக, இடமாகப் படம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பாவம், சொன்னபடி அழித்தவர்கள் ஆயிற்றே என்று முகம் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் நின்று எடுத்து அனுப்பினேன். அப்போதும் கீழே என்னவோ கேட்டது. சம்மதம் என்றேன். இந்தக் கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். இப்போது 'பின்' நான். 'முன்' வேறு யாரோ ஒரு பெண், அழுதுவிடுவாள் போல நிற்கிறாள். தயவுசெய்து மறுபடி போன் போடுங்கள், அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கழித்துப் போட்டால் போதும் அத்தை. இந்தப் படத்தில் நான் கொஞ்சம் நன்றாகவே இருக்கிறேன்.