அண்ணனின் வயதை அச்சிட்டவன்

அண்ணனுக்கு வயது முப்பது என்று சொல்லிவிடலாம் என முடிவான அன்று வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அண்ணன், கல்யாணத் தரகர். இல்லாதவன் நான். பனியன் கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். தம்பிக்கு வேறு யாராவது சொல்லிவிடுவார்கள் என்று நால்வருமே நினைத்துக்கொண்டார்கள். (ஒருத்தரும் சொல்லலைங்க!)

அண்ணனுக்கு உண்மையில் முப்பத்தேழு. ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்து என்னைப் படிக்கவைத்ததிலேயே அவர் வயது ஓடிவிட்டது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் வயதைக் கேட்டதும் காபியோடு அனுப்பிவிட்டார்கள். கடைசியாகக் காங்கேயம் பக்கம் ஓர் இடம் அமைந்தது. அவர்கள் ஜாதகம் பார்ப்பதில்லை, கோயிலில் பூ வைத்துக் கேட்பார்கள். சாமியும் உத்தரவு கொடுத்துவிட்டது. (சாமிக்கும் யாரும் வயதைச் சொல்லவில்லை.)

அப்போதுதான் இணையத்தில் அந்த ஆங்கில அகராதி என் கண்ணில் பட்டது. பிறந்த வருடத்தைத் தட்டினால், அந்த வருடம் முதன்முதலாக அச்சில் வந்த வார்த்தைகளைக் காட்டுகிறது! என் வருடத்தைத் தட்டினேன். எமோஜி! என்னோடு கூடப் பிறந்த வார்த்தை! கட்டிங் மாஸ்டரில் தொடங்கி கேன்டீன் அக்கா வரை எல்லோரையும் பிறந்த வருடம் கேட்டு நச்சரித்தேன். அந்த வாரம் கம்பெனியில் என்னைக் கண்டாலே ஆட்கள் ஒதுங்கினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு வீட்டாருக்கும் ஆளுக்கொரு டீசர்ட், நெஞ்சில் அவரவர் வார்த்தை என்று கிளம்பினேன். பெண்வீட்டாரின் சைஸையும் பிறந்த வருடத்தையும் புது அண்ணியிடமே போனில் வாங்கினேன். காதர்பேட்டைக் கடைகளில் வெறும் டீசர்ட் எடுத்து, நண்பனின் பிரிண்டிங் பட்டறையில் நானே நின்று அடித்தேன். வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. சர்ப்ரைஸாம்!

நிச்சயத்தன்று வெற்றிலை பாக்கு மாற்றியதும் பெட்டியைப் பிரித்தேன். எல்லோரும் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்கள். அண்ணனும் பெண்ணின் தாய்மாமனும் தோளில் கைபோட்டு போட்டோவுக்கு நின்றார்கள். இருவர் நெஞ்சிலும் ‘லேப்டாப்’.

“இதென்னங்க தம்பி, எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒண்ணேவா?” என்றார் தாய்மாமன்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மைக்கைப் பிடுங்கினேன். “அவங்கவங்க பொறந்த வருசத்துல மொதமொதல்ல அச்சுல வந்த வார்த்தைங்க! பொருத்தத்தைப் பாருங்க, எங்கண்ணனும் மாமாவும் ஒரே வருசம்!”

மைக் நன்றாகவே வேலை செய்தது.

தாய்மாமன் அண்ணன் தோளிலிருந்து கையை எடுத்தார். “எம்பையன் எட்டாவது படிக்கிறானுங்க. எனக்கு முப்பத்தேழு. மாப்பிள்ளைக்கு முப்பதுன்னீங்க?”

தரகர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்து, “உன்னையப் படிக்க வெச்சதுக்கு நல்லாச் செஞ்சுட்டடா” என்றார். அண்ணன் டீசர்ட்டைக் கழற்றப் போனார்.

“கழட்டாதீங்க” என்றது ஒரு குரல். புது அண்ணி. நெஞ்சில் ‘வெப்சைட்’. நேராக அம்மாவிடம் வந்தார்.

“வயசு எனக்குப் பெருசில்லீங்க அத்தை. முப்பத்தேழுன்னே சொல்லியிருந்தாலும் சரின்னுதான் இருப்பேன். மறைச்சீங்க பாருங்க, அதுக்கு மட்டும் ஏதாச்சும் பண்ணோணும்.”

“என்ன கண்ணு பண்ணோணும்?”

“மறைச்ச வருசத்துக்கு ஒரு பவுன்.”

கூடத்தில் முதலில் சிரித்தவர் தாய்மாமன்தான்.

இன்றும் விசேஷத்துக்குக் கிளம்பும்போது அம்மா, “அந்த டிக்ஷ்னரிய எடுத்துப் போட்டுக்க கண்ணு” என்பார். அண்ணி நெக்லஸை மாட்டிக்கொள்வார். அண்ணன் என்னைப் பார்த்து, “நல்லவேளைடா, எனக்கு இருபதுன்னு சொல்லல” என்பார்.

மொத்தச் செலவு: ஏழு பவுன். செய்கூலி தனி.